இரண்டாம் சமிக்ஞை வராத சிலிண்டர்

உலகம் எத்தனையோ ஆட்சிகளைப் பார்த்துவிட்டது. ராஜாக்கள் ஆண்டார்கள், டச்சுக்காரர்கள் ஆண்டார்கள், பிறகு நம்மை நாமே ஆண்டுகொண்டோம். எதையும் முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. காரணம் எளிது. மனித உடம்பைப் பார்த்து நிர்வாகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற யோசனை இவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. வந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் ஜாவாவில் ஜோக்ஜா நகருக்கு வடக்கே, மெராபி மலைக்குப் போகும் சாலையில் இருக்கும் நோயெதிர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர், பேராசிரியர் தனுர்வெந்தோ. மனிதகுலம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கடமையை எப்படித் தீர்ப்பது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

அந்த நிலையத்தில் ஒப்பந்த ஆராய்ச்சியாளராக இருந்த பலுபிக்கு இந்தப் பொற்காலத்தை மிக அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. கொல்லி டி செல்களை வளர்ப்பது அவள் வேலை. நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களில் அவை ஒரு ரகம். வைரஸ் புகுந்த செல்லையோ புற்றாகிப்போன செல்லையோ மோப்பம் பிடித்து, ஒட்டி நின்று, அதன் மேல் ஓட்டை போட்டு, விஷத்தை உள்ளே தள்ளிவிட்டு, அடுத்த ஆளைத் தேடிப் போய்விடும். பெயர்தான் பயங்கரம். பலுபியின் குடுவைகளில் அவை கொத்துக் கொத்தாகச் சமர்த்தாக வளர்ந்துகொண்டிருந்தன.

அவை பாக் ஜுமாதியின் ரத்தத்திலிருந்து வந்தவை. கல்யாண வீடுகளில் பாடுகிறவர் அவர். மணமக்களைக் கிண்டல் செய்து பாடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூக்குக்குப் பின்னால் புற்று வந்து குரல் கம்மிப் போயிருந்தது. அந்தப் புற்றுக்குள் ஒரு வைரஸ் குடியிருக்கும். அவருடைய டி செல்களுக்கே அந்த வைரஸை அடையாளம் காட்டிக் கொடுத்து, பெருக்கி, திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் அதை அவருக்கே திருப்பி ஏற்றுவார்கள். இன்னொரு முறை ரத்தம் எடுத்து முதலிலிருந்து தொடங்கலாம் என்றால் வழியில்லை. ரத்தம் எடுத்த கையோடு அவருக்குக் கடும் மருந்து ஏற்றியாகிவிட்டது. இப்போது அவர் உடம்பில் பாடம் படிக்க டி செல் மாணவர்களே மிச்சமில்லை. குடுவையில் இருப்பதுதான் அவருக்கு இருப்பது. பலுபிக்கு இது இரவும் பகலும் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அவர் அடிக்கடி போன் செய்வார்.

"ம்பா பலுபி, நம்ம பசங்க எப்படி இருக்காங்க?"

இருபது வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்ணையும் அக்கா என்ற பொருளில் 'ம்பா' என்பதும், பெரியவர்களை ஐயா, அம்மா என்ற பொருளில் 'பாக்', 'இபு' என்பதும் எங்கள் ஊர் வழக்கம்.

"சமர்த்தா இருக்காங்க பாக். நேத்து சோதனைக்கு ஒரு புத்து செல்லை விட்டேன். நாலு பேரு சேந்து முடிச்சுட்டாங்க."

"அப்படியா? என்னை மாதிரி இல்லையே! நான் ஒரு கொசுவக்கூட ஒழுங்கா அடிச்சதில்ல. அம்மா ஜாடை போல."

இனி புரட்சிக்கு வருவோம். இதற்குச் சில மாதங்களுக்கு முன் பேராசிரியர் ஒரு புதுக் கார் வாங்கினார். வாங்கிய அன்றே ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் அதை நிறுத்திவிட்டு மாடிக்குப் போனார். வாசல் காவலர் பாக் சஸ்மித்தோ அதைப் பார்த்தார். முன்பின் தெரியாத வண்டி. 'தெரியாத வண்டியைக் கண்டால் அப்புறப்படுத்து' என்பது சட்டம். சஸ்மித்தோ சட்டத்தை மதிப்பவர். கிரேன் வந்தது. பேராசிரியர் ஜன்னலைத் திறந்து தூரத்து மெராபியின் அழகை ரசிக்கலாம் என்று பார்த்தபோது, மலைக்கும் அவருக்கும் நடுவில் அவருடைய கார் தொங்கிக்கொண்டு போயிற்று.

சாதாரண மனிதராக இருந்தால் காவலரைத் திட்டியிருப்பார். பேராசிரியர் சிந்தித்தார்.

"தன் உடம்பையே தான் தாக்குற வியாதி இது," என்றார் கம்பீரமாக. "ஒத்தை சமிக்ஞையைப் பார்த்ததுமே பாயறதால வர்ற வினை. உடம்புக்குத் தெரிஞ்ச புத்தி நம்ம ஆபீசுக்குத் தெரியலியே!"

அடுத்த திங்கட்கிழமை அனைவரையும் கூட்டினார். விஞ்ஞானிகள், குமாஸ்தாக்கள், தோட்டக்காரர்கள், எலிக்கூண்டு கழுவுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தின்பண்டப் பெட்டியுடன் உட்கார்ந்தார்கள். உள்ளே வாழையிலையில் சுருட்டிய ஒட்டரிசிச் சோறான லெம்பர், எண்ணெயில் பொரித்த ரிசோலே, ஒரு பச்சை மிளகாய், ஒரு குட்டித் தண்ணீர். பெட்டி இல்லாத கூட்டம் எங்கள் ஊரில் செல்லாது.

"ஒரு வீட்டுக்குப் போறீங்க," என்று தொடங்கினார் பேராசிரியர். "டீ கொண்டாந்து முன்னால வைக்கிறாங்க. உடனே எடுத்துக் குடிச்சிடுவீங்களா?"

"மாட்டோம் பாக்!" என்று சபை ஒரே குரலில் சொன்னது.

"ஏன்?"

"மொங்கோன்னு சொல்லணும்!"

ஆமாம். ஜாவாவில் பிறந்தவன் எவனும் வீட்டுக்காரர் 'மொங்கோ', எடுத்துக்கோங்க, என்று சொல்லாமல் கோப்பையைத் தொடமாட்டான். சொல்ல மறந்துவிட்டால் டீ ஆறிப்போகும், மேலே எறும்பு மிதக்கும், விருந்தாளி அதைப் பார்த்தபடியே ஊர்க்கதை பேசிவிட்டு எழுந்து போவான்.

"டி செல்லும் நம்மாளுதான்!" பேராசிரியர் மேசையைத் தட்டினார். "எதிரியோட ஒரு துண்டை ஒரு காவல் செல் தட்டுல வெச்சு டி செல்லுக்குக் காட்டும். அது டீ. முதல் சமிக்ஞை. அதே காவல் செல் இன்னொரு கையால தோளைத் தொட்டு மொங்கோங்கணும். அது ரெண்டாம் சமிக்ஞை. ரெண்டும் வந்தாத்தான் டி செல் எழுந்திருக்கும். அதுக்கு மேல தெம்பா வேலை பார்க்கணும்னா ஊக்கச் சத்துன்னு ஒண்ணு வேணும். அது இந்தப் பெட்டி."

கேட்டவர்கள் பெட்டியை மரியாதையோடு பார்த்தார்கள்.

"மொங்கோ வரலைன்னா பாக்?" என்று கடைசி வரிசையிலிருந்து கேட்டார் சஸ்மித்தோ.

"டி செல் மரத்துப் போயிடும். அப்புறம் நீங்க ஆயிரம் தடவ மொங்கோ சொன்னாலும் அசையாது."

"ரொம்ப நல்ல குணம் பாக்," என்றார் சஸ்மித்தோ. அவர் கண் கலங்கியிருந்தது. கார் விஷயத்துக்குப் பிறகு அவர் தன்னைத் திருத்திக்கொள்ள ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணு. அடக்கி வைக்கிற செல்களும் உடம்புல உண்டு. ஆட்டம் எல்லை மீறிப் போகாம பார்த்துக்கிறது அதுங்க வேலை. மொங்கோ சொல்ற கையை முந்திக்கிட்டுப் போய் இறுக்கமாப் பிடிச்சுக்கும். ஊக்கச் சத்தை மத்த செல்லுக்கு விடாம தானே சாப்பிட்டுடும்."

இந்த இடத்தில் சபையில் பல முகங்கள் மலர்ந்தன. சாமான் அறைத் துணைத் தலைவி இபு வுர்யானி முதலில் கையைத் தூக்கினார்.

"அந்தப் பாரத்தை நான் சுமக்கிறேன் பாக்."

இப்படியாக 'நிதானக் குழு' பிறந்தது. யாராவது எதிர்த்தார்களா என்று கேட்கக் கூடாது. பெரியவர் பேசும்போது நாங்கள் தலையாட்டுவோம். 'காதில் விழுந்தது' என்பதுதான் அந்தத் தலையாட்டலின் பொருள். இது பேராசிரியருக்கும் தெரியும். ஆனால் தேவையான சமயத்தில் அதைச் சம்மதம் என்று படிப்பதற்குத்தான் இயக்குநர் பதவி இருக்கிறது.

முதல் சமிக்ஞையாக வேலையைக் கொண்டுவந்து காட்ட ஒவ்வொரு பிரிவிலும் ஒரு தட்டு ஏந்துபவர் நியமிக்கப்பட்டார். இரண்டாம் சமிக்ஞைக்கு, அதாவது எந்த வேலைக்கும் மொங்கோ சொல்ல, நிர்வாகப் பிரிவின் பாக் ஹர்சோயோ. அவர் குரல் மென்மையானது. யாரையும் அவர் வெறும் கையோடு அனுப்பியதில்லை. நிதானக் குழு அவர் அறையிலேயே குடியேறியது. அங்கிருந்த நாற்காலிகளில் எல்லாம் உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். வலப்பக்கம் இருப்பவர் அவருடைய வலக்கையை அன்பாகப் பிடித்துக்கொள்வார், இடப்பக்கம் இருப்பவர் இடக்கையை. தட்டோடு வருகிறவர்கள் நிற்க இடமில்லாமல் வாசலோடு திரும்புவார்கள். நிலையத்துக்கு வரும் தின்பண்டப் பெட்டிகளும் நேரே அந்த அறைக்குப் போயின. குழு வாரந்தோறும் பெருத்தது, ஆள் எண்ணிக்கையிலும் இடுப்புச் சுற்றளவிலும். வேலை கேட்டு வந்தவர்களைவிட வேலையை அடக்க வந்தவர்கள் அதிகமானார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே சாமி ஒருவர், பூசாரிகள் ஒரு பஸ் நிறைய. விளைவு அபாரம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, எந்தக் காரும் தூக்கப்படவில்லை. 'இந்த வாரமும் எந்த அசம்பாவிதமும் இல்லை' என்று பேராசிரியர் வாராவாரம் மேலிடத்துக்கு எழுதினார். வேறு சம்பவமும் இல்லை என்பதை எழுத அதில் இடமில்லை.

செல்களை ஒப்படைக்க வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை. எல்லோரும் பாத்திக் சட்டையில் வந்திருந்தார்கள். பலுபி ஆய்வகக் கதவைத் திறந்ததும் இன்குபேட்டர் கத்திக்கொண்டிருந்தது. கரியமில வாயு தீர்ந்துவிட்டது. டி செல்கள் குடிக்கும் திரவத்தின் காரமும் புளிப்பும் அளவோடு இருக்க அந்த வாயு வேண்டும். மாம்பழ நிறத்தில் இருக்க வேண்டிய திரவம் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கியிருந்தது. கருஞ்சிவப்பாகிவிட்டால் செல்கள் பிழைக்காது. நல்ல வேளை, சொல்லி வைத்திருந்த புதுச் சிலிண்டர் லாரியில் வந்து வாசலில் நின்றது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று அவள் ஓடினாள். தெய்வம் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"பாக் சஸ்மித்தோ, கேட்டைத் திறங்க! அவசரம்!"

சஸ்மித்தோ எழுந்து நின்று வணங்கினார். "சிலிண்டரைப் பார்த்தேன் ம்பா. நம்ம சிலிண்டர்தான்னு அடையாளமும் கண்டுபிடிச்சேன். முதல் சமிக்ஞை முழுசா வந்துடுச்சு."

"அப்ப திறங்க!"

"ரெண்டாவது?"

"பாக், உள்ள செல்லெல்லாம் சாகுது!"

"அதைச் சொல்லாதீங்க ம்பா, எனக்குத் துக்கமா இருக்கு. ஆனா ஒத்தை சமிக்ஞைக்குப் பாஞ்சு நான் பட்டது போதாதா? அந்தக் காரை இறக்கறப்போ பாக் பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே..." அவர் உடம்பு சிலிர்த்தது. "ஓடிப் போய் மொங்கோ வாங்கிட்டு வாங்க. சீக்கிரம். ரொம்ப நேரம் வரலைன்னா நான் மரத்துப் போயிடுவேன். எனக்கே பயமா இருக்கு."

லாரிக்காரன் தலையை நீட்டினான். "என்னங்க, திறப்பீங்களா மாட்டீங்களா? ஜும்மா தொழுகைக்குள்ள நான் கிளம்பணும். இல்லைன்னா சிலிண்டர் திரும்பிப் போகும். அப்புறம் திங்கக்கிழமைதான்."

திங்கட்கிழமை என்றால் பாக் ஜுமாதிக்கு வெறும் குடுவை. பலுபி ஹர்சோயோவின் அறைக்கு ஓடினாள்.

உள்ளே குழு காலைப் பலகாரத்தின் நடுவில் இருந்தது. ஹர்சோயோவின் இரு கைகளும் வழக்கம்போல இருவரிடம் இருந்தன. அவர் வாயில் இபு வுர்யானியே லெம்பரை ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க ம்பா, வாங்க," என்றார் வுர்யானி தேனொழுக. "என்ன பதட்டம்? முகமெல்லாம் வேர்த்திருக்கே. பதட்டம் உடம்புக்குக் கெடுதி."

"இபு, வாசல்ல சிலிண்டர் நிக்குது. பாக் ஹர்சோயோ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லலாம். சொல்லக் கூடாதுன்னு நாங்க எப்ப சொன்னோம்? ஆனா சிலிண்டர்னா அழுத்தம் இருக்கும். அழுத்தம்னா வெடிக்கும். வெடிச்சா வீக்கம், காய்ச்சல். இதையெல்லாம் யோசிக்க ஒரு உப குழு போட்டிருக்கோம்."

"எப்ப முடிவு சொல்வாங்க?"

"அவங்களை நிதானப்படுத்த இன்னொரு குழு போடணும். அது அடுத்த மாசம்."

பலுபி ஹர்சோயோவைப் பார்த்தாள். பாவம், அவர் வாய் நிறைய சோறு. கண்ணில் மட்டும் மன்னிப்பு தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழவும் நேரமில்லை. கோபம் வந்தது. அங்கே கோபத்துக்கு உட்கார நாற்காலி இல்லை. இருந்த ஒரே இடம் தரைதான். அவள் ஹர்சோயோவின் காலடியில் பாயில் உட்கார்ந்தாள்.

"சரி பாக். நான் விருந்தாளியா வந்ததா வெச்சுக்கோங்க. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் போறேன்."

விருந்தாளி என்ற சொல்லைக் கேட்டதும் பணியாளர் வழக்கப்படி ஒரு டீயைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பலுபி அதைத் தொடவில்லை. தொண்டை வறண்டிருந்தது தெரியும்படி ஒரு முறை விழுங்கினாள். டீயைப் பார்த்தாள். பிறகு ஹர்சோயோவைப் பார்த்தாள். மறுபடி டீயைப் பார்த்தாள்.

அறையில் பேச்சு குறைந்தது. ஒரு வீட்டில் விருந்தாளி டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர் வாய் திறக்காமல் இருப்பதை ஜாவாவில் பிறந்த ஒருவனால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? ஹர்சோயோவின் நெற்றியில் வியர்வை பூத்தது. அவருடைய அப்பா, தாத்தா, அவருக்கும் முந்தியவர்கள் எல்லோரும் உள்ளேயிருந்து அவரைக் குத்தினார்கள். வுர்யானி ஆபத்தைப் புரிந்துகொண்டு இன்னொரு லெம்பரோடு பாய்ந்தார். அதற்குள் ஹர்சோயோ வாயில் இருந்ததை விழுங்கிவிட்டார்.

"மொங்கோ ம்பா, மொங்கோ!" என்று அவர் கிட்டத்தட்ட அலறினார். "ஆறிடப் போகுது!"

"ரொம்ப நன்றி பாக்!" பலுபி எழுந்தாள். "எல்லாரும் கேட்டீங்க இல்லையா? மொங்கோ சொல்லிட்டாரு!"

"அது டீக்கு!" என்று கத்தினார் வுர்யானி.

"டீதான் முதல் சமிக்ஞைன்னு பேராசிரியரே சொல்லியிருக்காரு இபு. சிலிண்டரும் முதல் சமிக்ஞைதான்." பலுபி அந்த டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓடினாள். மரியாதை முக்கியம்.

வாசலில் சஸ்மித்தோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. அவற்றில் ஒன்றும் இல்லை.

"பாக்! மொங்கோ கிடைச்சிடுச்சு! சாட்சிக்கு ஒரு அறை நிறைய ஆள் இருக்கு!"

"தாமதமாயிடுச்சு ம்பா," என்றார் சஸ்மித்தோ, உதடு அசையாமல். "நான் மரத்துப் போயிட்டேன்."

"என்னது?"

"முதல் சமிக்ஞை வந்து அவ்வளவு நேரம் ரெண்டாவது வரல. இனி ஆயிரம் மொங்கோ வந்தாலும் அசையக் கூடாது. பேராசிரியர் படம் போட்டுக் காட்டினாரே. ஜனாதிபதியே வந்து சொன்னாலும் நான் இப்ப ஒரு கல்லு."

"கல்லு பேசுதே பாக்!"

"பேசறதைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல."

லாரிக்காரன் எஞ்சினைக் கிளப்பினான். பலுபிக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மனிதரைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது. டி செல்களோடு குடித்தனம் நடத்தும் பெண்ணல்லவா? மரத்துப் போன செல்லை ஆய்வகத்தில் எப்படி எழுப்புவாள்? திட்டியா? ஊக்கச் சத்தைத் தாராளமாக ஊற்றினால் மரத்த செல்லும் பல சமயம் புரண்டு படுத்து எழுந்துவிடும். சஸ்மித்தோவின் கன்னங்களைப் பார்த்தாள். ஒட்டிப்போயிருந்தன. பெட்டிகள் குழு அறைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு ஒரு ரிசோலே கூட வந்ததில்லை.

எதிர்ச்சாரியில் இருந்த கடைக்கு ஓடினாள். பலாக்காயில் செய்த குடேகும் முட்டையும் வைத்த சோறு, காரமான தோல் கறி, சுடச்சுட மெண்டோவான் பஜ்ஜி, ஒரு பெரிய கோப்பையில் சர்க்கரை தூக்கலாக டீ. எல்லாவற்றையும் கல்லின் மடியில் வைத்தாள். கல்லின் மூக்கு துடித்தது. ஆனால் கை எழவில்லை.

"என்ன பாக்? வேணாமா?"

கல் அவளைப் பாவமாகப் பார்த்தது.

"ஐயோ, மறந்துட்டேன். மொங்கோ பாக், மொங்கோ!"

முதல் மெண்டோவானில் விரல்கள் உயிர் பெற்றன. இரண்டாவதில் தோள் அசைந்தது. முட்டையை விழுங்கியபோது கண்ணில் வெளிச்சம் வந்தது. தோல் கறியின் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ம்பா," என்றார் வியப்போடு, "எனக்கு ரத்தம் ஓடுது!"

கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. லாரிக்காரன் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் பறந்தான். சஸ்மித்தோ பின்னாலிருந்து தள்ள, பலுபி முன்னாலிருந்து இழுத்தாள். பாதித் தூரம் போகவில்லை, குழு முழுவதும் வழியை மறித்து நின்றது. யாரும் கத்தவில்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் ஊரில் திட்டைத் தாங்கலாம், தடியைத் தாங்கலாம். நீட்டிய கையைத் தாங்க முடியாது. வுர்யானியின் கையைப் பற்றியவர்கள் என்ன ஆனார்கள் என்று அவள் பார்த்திருக்கிறாள். 'நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா' என்று அவர் உள்ளங்கையைத் தடவிக் கேட்பார். போர்க்கோலத்தில் வந்தவர்கள் அரை நிமிடத்தில் 'ஆமாம் இபு' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். புற்று செல்லும் இதைத்தான் செய்கிறது. தன்னைக் கொல்ல வரும் டி செல்லின் கையைப் பிடித்து, நானும் உன் உடம்புதானே என்று குழைகிறது. டி செல்லுக்கும் மனசு இளகிவிடுகிறது.

"ம்பா பலுபி!" வுர்யானி இரு கைகளையும் நீட்டினார். "கோவமா? நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?"

பலுபி சட்டைப் பையிலிருந்து ஆய்வகக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"தாராளமா புடிச்சுக்கோங்க இபு. காலையில வைரஸ் குடுவையைத் தொட்ட கையுறைதான்."

வுர்யானி கையைப் பின்னுக்கு இழுத்த வேகத்தில் அவருக்குப் பின்னால் நின்ற உறுப்பினர் வாழை மரத்தில் மோதினார். வழி பிளந்தது. உலகமெங்கும் பெரிய மருந்துக் கம்பெனிகள் இன்று விற்கும் புதுவகைப் புற்று மருந்துகளின் சாரம் இவ்வளவுதான்: பிடிக்க வரும் கைக்கும் பிடிபடும் கைக்கும் நடுவில் ஓர் உறை.

சிலிண்டர் ஏறியது. இன்குபேட்டர் கத்துவதை நிறுத்தியது. பலுபி கண்ணாடிக் கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்து திரவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளஞ்சிவப்பு மெல்ல மெல்ல மாம்பழ நிறத்துக்குத் திரும்பியது. அப்போதுதான் அவளுக்கு அழ நேரம் கிடைத்தது. சஸ்மித்தோ மிச்சமிருந்த மெண்டோவானை நீட்டினார், "மொங்கோ" என்று சொல்லி.

திங்கட்கிழமை செல்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன. அன்று மாலையே பேராசிரியர் அவளை அழைத்தார். முகத்தில் பெருமிதம்.

"அற்புதம் ம்பா! நம்ம நிர்வாகத்தோட கடைசி அத்தியாயத்தையும் இன்னிக்கு அமல் பண்றோம். நோயை ஜெயிச்சதும் கொல்லி டி செல்கள் என்ன ஆகும்?"

"பெரும்பாலும் தானாவே செத்துடும் பாக்."

"அதேதான். இல்லைன்னா உடம்பு தாங்காது. அதனால வேலையை முடிச்ச உங்க ஒப்பந்தத்தையும் பாக் சஸ்மித்தோவோட ஒப்பந்தத்தையும் இந்த மாசத்தோட முடிச்சுக்கறோம்."

"நிதானக் குழு பாக்?"

"தூண்டப்பட்ட செல்லுக்குத்தான் சாவு. அவங்க எப்ப தூண்டப்பட்டாங்க?"

"சில செல்லு நினைவுச் செல்லா மிஞ்சுமே பாக். அடுத்த தடவை அதே நோய் வந்தா உதவறதுக்கு."

"அதை மறப்பேனா? உங்க ரெண்டு பேரு போட்டோவையும் வரவேற்பறையில மாட்டச் சொல்லிட்டேன்."

அவள் தலையாட்டினாள். காதில் விழுந்தது என்று பொருள்.

ஆஸ்பத்திரியில் அவளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். செல் வளர்க்கும் அறை அங்கே புதிதாகத் திறந்திருந்தது, ஆள் இல்லை. சஸ்மித்தோவையும் அவளே வாசல் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பும்போதே அவர் கேட்டைத் திறந்துவிடுகிறார் என்று அங்கே புகார்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலை. பாக் ஜுமாதி பரிசோதனைக்கு வந்திருந்தார். கட்டி சுருங்கிக்கொண்டே வந்தது. குரல் இன்னும் கரகரப்புதான், ஆனால் வாசலில் நர்சுகளைக் கிண்டல் செய்து இரண்டு வரி பாடிவிட்டுத்தான் உள்ளே வந்தார். செல்களை ஏற்றியதும் இரண்டு நாள் காய்ச்சலில் கட்டில் ஆடியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"நம்ம பசங்க உள்ள போட்ட ஆட்டம் இருக்கே ம்பா! கல்யாண வீடு தோத்துது."

சஸ்மித்தோ அன்றைய பத்திரிகையோடு வந்தார். பழைய நிலையத்தைப் பற்றி அதில் போட்டிருந்தது. மாகாணத்திலேயே மிக அமைதியான அலுவலகம் என்று அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். புகார் இல்லை, அசம்பாவிதம் இல்லை, சின்னச் சலசலப்பு கூட இல்லை. பேராசிரியரும் இபு வுர்யானியும் சான்றிதழை ஆளுக்கொரு முனையில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் குழு, படத்துக்குள் அடங்காமல்.

"பெரிய கௌரவம்தான்," என்றார் சஸ்மித்தோ. அவருக்கு இன்னும் அந்த இடத்தின் மேல் ஒரு மரியாதை இருந்தது. "உள்ள ஒண்ணுமே அசையலியாம் பாக்."

ஜுமாதி பத்திரிகையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இதே சான்றிதழை எனக்கும் எழுதிக் குடுக்கத்தான் டாக்டருங்க, நம்ம பசங்க உள்ள போறதுக்கு முன்னால, பேனாவைத் திறந்து வெச்சிருந்தாங்க," என்றார். "உள்ள ஒண்ணுமே அசையலைன்னா எந்த ஆஸ்பத்திரியிலயும் உடனே குடுத்துடுவாங்க. ஆனா அதை நேர்ல போய் வாங்கிக்கிட்டு, சிரிச்சு போட்டோவும் எடுத்துக்கிட்டவங்களை இப்பத்தான் பார்க்கறேன்."